தம்பியின் திட்டத்துக்கு யார் பொறுப்பு?

வணக்கம் அக்கா. தம்பி அமெரிக்காவில் ஐசிஎஃப் (அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்கிப் பராமரிப்பும் பயிற்சியும் பெறும்) இல்லத்தில் இருக்கிறார், இரண்டு வருடமாக அதே பயிற்சித் திட்டம்தான், கேட்டால் ஒருவர் மாற்றி ஒருவரைக் கைகாட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது.

மெடிகெய்ட் (அமெரிக்க அரசு மருத்துவ உதவித் திட்டம்) பணத்தில் நடக்கும் ஐசிஎஃப் என்றால் 'கியூஐடிபி' (QIDP), அதாவது ஒவ்வொருவரின் திட்டத்துக்கும் பொறுப்பான தகுதிபெற்ற நிபுணர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு நேரடியாகக் குறைந்தது 1 வருட அனுபவம், கூடவே டாக்டர், பதிவுபெற்ற நர்ஸ் அல்லது தொடர்புள்ள துறையில் பட்டம்: அமெரிக்க மத்திய அரசின் விதி கேட்கும் தகுதி இதுதான். என்னைக் கேட்டால் தகுதியைவிட அவர் வேலையைத்தான் துருவ வேண்டும். எல்லோருடைய வேலையையும் ஒருங்கிணைத்துக் கண்காணிப்பது அவர் கடமை. தம்பி ஓர் இலக்கை எட்டினாலும், தேங்கி நின்றாலும், இருந்த திறமையை இழந்தாலும் அவர் திட்டத்தைப் பார்த்துத் தேவைக்கேற்பத் திருத்த வேண்டும். தம்பியின் திறன்களையும் தேவைகளையும் பற்றிய மதிப்பீட்டை வருடம் ஒரு முறையாவது பல துறையினர் கொண்ட குழு மறுபடி பார்க்க வேண்டும்.

நீங்கள் சட்டப்படி பாதுகாவலர்தானே? அப்படியென்றால் திட்டத்தின் நகல் உங்களுக்குக் கிடைத்தாக வேண்டும். கடைசியாகத் திருத்திய தேதியையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். பதில் இழுத்தால், அப்புறம் இந்த இல்லங்களை ஆய்வு செய்யும் மாநிலத் துறையிடம் தயங்காமல் புகார் கொடுங்கள்.