மரியாவை ஒரு மக்களின் தாய் என்று கத்தோலிக்கர் அழைப்பது ஏன்?

பினாங்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வேளாங்கண்ணி மாதாவைத் தங்கள் இனத்துக்கே தாயாகக் கருதுவது, கடவுளுக்குரிய இடத்தை அவருக்குத் தருவதாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. சிலுவையில் தொங்கிய இயேசு தம் அன்புச் சீடருக்கு மரியாவைத் தாயாக அளித்ததை யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரம் கூறுகிறது. அச்சீடரில் நம்பிக்கை கொண்டோர் அனைவரையும் திருச்சபை காண்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1964 நவம்பர் 21 அன்று மரியாவைத் 'திருச்சபையின் தாய்' என்று அறிவித்ததும் இந்த நம்பிக்கையின் வழியில்தான். ஆராதனை இறைவனுக்கு மட்டுமே உரியது; மரியாவிடம் வேண்டுவது பரிந்துரை, அதாவது நமக்காக இறைவனிடம் மன்றாடும்படி கேட்பது.

ஆயினும், எல்லாருக்கும் பொதுவான இத்தாய்மையை ஒவ்வொரு மக்களும் தம் மண்ணின் சாயலிலேயே உணர்கிறார்கள். 1531இல் காட்சியளித்ததாக நம்பப்படும் குவாதலூப்பே அன்னை மெக்சிக்கோ மக்களுக்கு மாநிற முகத்தோடு விளங்குகிறார். வேளாங்கண்ணியிலோ அவர் சேலை உடுத்தியிருக்கிறார். தோட்ட வேலைக்கும் இரயில்பாதைப் பணிக்குமாகப் பெற்ற தாயைப் பிரிந்து கடல் கடந்து வந்த நம் முன்னோருக்கு, சேலை உடுத்திய அந்த அன்னை எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருப்பார் என்பதை எண்ணினாலே இப்பக்தியின் ஆழம் விளங்கும் என்பது என் உறுதியான கருத்து. அதே வேளையில், இது தமிழருக்கு மட்டும் உரிய உறவன்று: பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாம் நகரில் மரியாவின் தாயான புனித அன்னாவுக்கு ஜூலை 26ஐ ஒட்டி எடுக்கப்படும் விழாவில் தமிழரும் சீனரும் ஒன்றாகவே கூடுகிறார்கள்.