சொந்த லிமிடெட் கம்பெனியில் சம்பளம், வெளியே இன்னொரு வேலை: பிரிட்டனில் எந்த வரிக் குறியீடு?

கேள்வி: கம்பெனியில் டைரக்டராக ஆண்டுக்கு 12,570 பவுண்டு எடுக்கிறேன். 45,000 பவுண்டில் வேலையும் கிடைத்திருக்கிறது. இரண்டிலும் 1257எல் போடலாமா?

கூடாது. 1257எல் என்ற வரிக் குறியீடு, ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி பிடிக்க வேண்டாம் என்று முதலாளிக்குச் சொல்வது. வரியில்லாத இந்த 12,570 பவுண்டு சலுகை ஆளுக்கு ஒன்றுதான், வேலைக்கு ஒன்றல்ல. இரண்டு இடத்திலும் 1257எல் ஓடினால் குறைந்தது 2,514 பவுண்டு வரி பாக்கி நிற்கும்.

வேலையில் சேரும்போது புது முதலாளி தரும் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற படிவத்தில் 'சி' வாசகத்தைத் தேர்ந்தெடுங்கள். அதாவது, வேறு வேலையும் இருக்கிறது. அங்கே பிஆர் குறியீடு வரும், முதல் பவுண்டிலிருந்தே 20% பிடிப்பார்கள். பலர் இதை அபராதம் என்று நினைக்கிறார்கள்; இல்லை, சலுகையை உங்கள் கம்பெனிச் சம்பளம் ஏற்கெனவே தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் கணக்கில் பிஆர் போதாது. மொத்தம் 57,570 பவுண்டு. இங்கிலாந்தில் 50,270-க்கு மேல் 40%. அதைத் தாண்டும் 7,300 பவுண்டுக்கும் பிஆர் 20% மட்டுமே பிடிக்கும்; மீதி 20%, அதாவது இன்னும் 1,460 பவுண்டு வரும். ஒதுக்கி வையுங்கள்.

கம்பெனிச் சம்பளத்தை 5,000 ஆகக் குறைத்தால் நிலைமை தலைகீழ்: மீதி 7,570 பவுண்டு சலுகை வீணாகும். எச்எம்ஆர்சி (பிரிட்டன் வரித் துறை) ஆன்லைன் கணக்கில் இரண்டு வேலைகளின் உத்தேச வருமானத்தையும் திருத்தி, சலுகையைப் பிரிக்கச் சொல்லுங்கள். 500எல், 757எல் என வரும். புதுக் குறியீட்டை உங்கள் கம்பெனியின் பேரோலில் (சம்பளக் கணக்கில்) நீங்கள்தான் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

கம்பெனி லாபத்திலிருந்து எடுக்கும் டிவிடெண்டுக்குப் பேரோலில் வரி பிடிப்பதில்லை. வரி ஆண்டு முடிந்த பின் வரும் ஜனவரி 31-க்குள், நீங்களே தாக்கல் செய்யும் செல்ஃப் அசெஸ்மென்ட் வரிக் கணக்கில் காட்டுங்கள்.