கிரெடிட் கார்டு பாக்கிக்கு வசூல் ஏஜென்ட் அப்பச்சிக்கும் பங்காளிகளுக்கும் போன் போடுறான், எங்க வளவு வீட்டை ஜப்தி பண்ணிடுவாங்களா?

மொதல்ல வீட்டு விஷயம் தம்பி, அதுலதான் உங்களுக்கு தூக்கமே போயிருக்கும். போன்ல மிரட்டுற ஆளால வீட்டை ஒண்ணும் பண்ண முடியாது. கிரெடிட் கார்டுங்கிறது அடமானம் இல்லாத கடன், வீட்டு லோன்ல மாதிரி பேங்கே நேரா வந்து கையகப்படுத்துற சட்டம் இதுக்கு செல்லாது. சிவில் கோர்ட்ல கேஸ் போட்டு, சம்மன் வந்து, தீர்ப்பாகி, அதுக்கப்புறமும் கட்டலன்னாதான் பொதுவா ஜப்திப் பேச்சே வரும், அப்பவும் உங்களுக்குன்னு உள்ள பங்கு மேலதான், உங்க கடனுக்காக மத்த பங்காளிங்க பங்குல கை வைக்க முடியாது. இதை அப்பச்சிகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, வயசானவங்க பயந்துபோய் நகையை வித்து ஏஜென்ட் கையில குடுத்துருவாங்க.

கட்ட முடியாமப் போனதுக்காக மட்டும் போலீஸ் அரெஸ்ட் பண்ணாது. ஆனா செக் பவுன்ஸ் ஆனா அது செக் சட்டத்தோட 138வது பிரிவுல தனி கிரிமினல் கேஸ், அதனால "செக்யூரிட்டிக்கு ஒரு செக் குடுங்க"ன்னு கேட்டா குடுக்கவே குடுக்காதீங்க.

எங்க அத்தானுக்கும் இப்படித்தான். காரைக்குடில கடை வச்சிருந்தார், கொரோனால வியாபாரம் படுத்து கார்டுல ஓட்டினார், அப்புறம் ஏஜென்ட் பள்ளத்தூர்ல இருக்கிற பெரியப்பா வரைக்கும் போன் போட்டு அசிங்கமா பேசினான். நம்ம ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்னு நினைப்போம்ல, அதை வச்சுத்தான் அவன் பிழைக்கிறான். அந்த வருஷம் பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் கூடியிருந்தப்ப அத்தானே வாயைத் திறந்து இவ்வளவு பாக்கி, மெதுவா கட்டிடுவேன், போன் வந்தா பயப்படாதீங்கன்னு சொல்லிட்டார். அடுத்த போனுக்கு பெரியப்பா "தெரியும்ப்பா, அவன்கிட்டயே பேசு"ன்னு வச்சிட்டார், அதுக்கப்புறம் சொந்தக்காரங்களுக்கு வர்றது தானா குறைஞ்சுது. நீங்களும் சொல்லிடுங்க, இதைவிட பெரிய உதவி வேற இல்லன்னு நான் நிஜமாவே நம்புறேன்.

காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7க்கு மேலயும் ஏஜென்ட் கூப்பிடக்கூடாது, குடும்பத்துக்காரங்க, நண்பர்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்ல ஆர்பிஐ தெளிவா சுற்றறிக்கை விட்டிருக்கு. அதனால தேதி, நேரம், நம்பர் எல்லாம் எழுதி வைங்க, போனை ரெக்கார்ட் பண்ணுங்க, பேங்கோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க. 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ஆர்பிஐ ஆம்புட்ஸ்மன்கிட்ட ஆன்லைன்லயே போகலாம், காசு கிடையாது, 14448 நம்பருக்கு போன் போட்டு கேட்டா வழி சொல்வாங்க.

ஆனா பாக்கி அப்படியே நிக்குது இல்லையா, அது மாசம் மூணு மூணரை வட்டில ஏறிட்டே இருக்கும், வட்டிக்கணக்கு நம்ம ஊருக்கு சொல்லித்தரவா வேணும். மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு இருந்தா அசல் ரொம்ப மெதுவாத்தான் குறையும். பேங்க்கு எழுதிக் குடுத்து இஎம்ஐயா மாத்தக் கேளுங்க. செட்டில்மென்ட்னா ஒரு பகுதியைத் தள்ளுவாங்க, ஆனா உங்க கடன் வரலாறு காட்டுற சிபில் ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு ஏறும், பின்னாடி லோன் கேக்குறப்ப இடிக்கும், அதனால முடிஞ்சவங்க முழுசா கட்டி 'க்ளோஸ்டு' வாங்குறதுதான் நல்லது. எதுவா இருந்தாலும் பேங்க் லெட்டர்ஹெட்ல எழுத்து வந்தப்புறம்தான் பணம், அதுவும் கார்டு கணக்குல மட்டும், ஏஜென்ட் ஜிபே நம்பருக்கு ஒரு ரூபா போடாதீங்க. கட்டி முடிச்சதும் நிலுவை இல்லைன்னு சான்றிதழ் கேட்டு வாங்கிடுங்க.

அதே பேங்க்ல சேவிங்ஸ் இருந்தா அதுலேருந்து பிடிச்சுக்க கார்டு ஒப்பந்தத்துல வழி வச்சிருப்பாங்க, வீட்டுச் செலவுக் காசை அங்க வைக்காதீங்க.

வக்கீல் நோட்டீஸ் வந்தா சும்மா விடாம பதில் போடுங்க. நிஜமாவே கோர்ட் சம்மன் வந்தா மட்டும் கண்டிப்பா ஆஜராகணும், போகலன்னா ஒருதலையா தீர்ப்பாயிடும். சமரசமா பேசி முடிக்கிற லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) கூப்பிட்டா தாராளமா போங்க, ஆனா அங்க கையெழுத்து போட்டா அப்பீல் கிடையாது, மாசா மாசம் உங்களால கட்ட முடியுற தொகையை மட்டும் சொல்லுங்க.