தரகரிடம் சொன்னது போதுமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டை 78 லட்ச ரூபாய்க்குப் பேசி முடித்து, 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, 90 நாட்களுக்குள் கிரயம் செய்துகொள்வதாக அக்ரிமெண்ட் போட்டிருக்கிறோம். வங்கிக் கடனும் அனுமதியாகிவிட்டது. ஆனால் மாநகராட்சியின் மின்னணுச் சொத்துக் கணக்கான இ-காத்தாவில் வீட்டுக்காரரின் பெயர் மூலப்பத்திரத்தில் உள்ளதற்கு மாறாக இருப்பதால், திருத்திய பிறகே பணம் தருவோம் என்கிறது வங்கி. இதைத் தரகரிடம் முன்பே சொன்னோம். “நான் பேசிக்கொள்கிறேன் சார்” என்றார். இன்னும் 12 நாட்களே உள்ளன. வீட்டுக்காரரோ, தமக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றும், கெடு தாண்டினால் அட்வான்ஸ் கிடையாது என்றும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: கெடு நெருங்கிவிட்டதால் இந்தப் பதிலை உங்களுக்கு முன்னதாகவே அனுப்பிவிட்டோம், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் அச்சிடுகிறோம்.

முதல் வேலையாக வீட்டுக்காரருக்கு நேரடியாக எழுதுங்கள். வீட்டுக்காரர் சார்பில் பேசவும் கேட்டுக்கொள்ளவும் எழுத்துமூலம் அதிகாரம் பெற்றவராக இல்லாதவரை, தரகரிடம் சொன்னதை வீட்டுக்காரரிடமே சொன்னதாக நிரூபிப்பது கடினம். கன்னடத்தில் இருக்கும் காத்தாவையும் வில்லங்கச் சான்றையும் படிக்க முடியாததால் நம்மவர்கள் பலர் எல்லாப் பேச்சையும் தரகரிடமே விட்டுவிடுகிறார்கள். ஆவணத்தைப் படித்துச் சொல்ல ஒருவரை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எதிர்த்தரப்புக்குத் தெரிய வேண்டிய செய்தி உங்கள் கையெழுத்துடன், தேதியுடன் போக வேண்டும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. “இன்ன தேதியிட்ட அக்ரிமெண்டின்படி கிரயம் செய்துகொள்ள நாங்கள் தயாராகவும் விருப்பத்துடனும் இருக்கிறோம், வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது, இ-காத்தாவில் தங்கள் பெயர் மூலப்பத்திரத்துடன் பொருந்தாததால் வங்கி தொகையை நிறுத்தி வைத்துள்ளது, பெயரைத் திருத்தித் தருமாறும், அதுவரை கெடுவை நீட்டித்து எழுதித் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்” என்ற அளவு போதும். இதை ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டு, அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். தபால் ரசீதையும், சேர்ந்ததற்கான சான்றையும், தரகருடன் நடந்த பழைய உரையாடலையும் அழியாமல் வைத்திருங்கள்.

‘தயாராகவும் விருப்பத்துடனும்’ என்பதை அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை. ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரக் கோரி நீதிமன்றம் போகிறவர், தம் பங்கை நிறைவேற்றத் தொடர்ந்து ஆயத்தமாக இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. கெடுவுக்கு முன் எழுதிய கடிதம் அதற்கு நேரான சாட்சி. கெடு முடிந்தபின் எழுதுவது சமாதானம் சொல்வதாகவே படும். அசையாச் சொத்து விற்பனையில் காலக்கெடு பொதுவாக உயிர்நிலை அல்ல, அதாவது அது தாண்டியதாலேயே ஒப்பந்தம் முறிந்துவிடாது என்ற பழைய கொள்கையை நம்பி யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது. நகரங்களில் சொத்து விலை வேகமாக ஏறும் இக்காலத்தில் அக்கொள்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டிருக்கிறது.

வீட்டுக்காரருக்கும் கடமை உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, சொத்தைப் பற்றியும் அதன் உரிமையைப் பற்றியும் வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்குத் தமக்குத் தெரிந்தவரை விற்பவர் பதில் சொல்ல வேண்டும். பெங்களூரில் இப்போது இ-காத்தா இல்லாமல் கிரயம் பதிவாவதில்லை என்பதால், அதைச் சரிசெய்து தருவது அவர் பங்கு வேலை. தம் ஆவணக் குறையால் நேர்ந்த தாமதத்தைக் காட்டி அவர் உங்கள் அட்வான்ஸை எடுத்துக்கொள்வது எளிதில் நிற்காது. ஆனால் அந்தக் குறையை உரிய நேரத்தில் அவருக்குத் தெரிவித்தீர்கள் என்பது பதிவாகியிருந்தால்தான் உங்கள் வாதம் வலுப்பெறும்.

அவர் நீட்டிக்கச் சம்மதித்தால் வாய்ப்பேச்சோடு விடாமல், புதிய தேதியைக் குறித்துத் துணை ஒப்பந்தம் எழுதி, வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இடையில் கட்டணம் உயர்ந்தால் யார் ஏற்பது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். 2025 ஆகஸ்ட் 31 முதல் கர்நாடகத்தில் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 2 ஆனது. உங்கள் வீட்டின் விலைக்கு அந்த வித்தியாசமே 78,000 ரூபாய். சம்மதிக்காவிட்டால், கெடு முடியும் முன்பே வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: அல்சூரில் உள்ள எங்கள் வீட்டை 90 லட்சத்துக்கு விற்கிறோம். பத்திரப்பதிவுக்கு முதல் நாள் இரவு, 1 சதவீதம் வரிப் பிடித்தம் போகத்தான் பணம் தருவேன் என்கிறார் வாங்குபவர். இது முறையா?

பதில்: பிடித்தம் முறையானதுதான், முதல் நாள் இரவு சொன்னதுதான் தவறு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து உங்கள் பான் எண்ணில் அரசுக்குச் செலுத்த வேண்டும். உங்களுக்கு அது 90,000 ரூபாய். வருமான வரிக் கணக்கில் அது உங்கள் வரவாக வரும். செலுத்தியதற்கான சான்றிதழை அவரிடம் கேட்டு வாங்குங்கள். உரிமையாளர்களில் யாராவது வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், அவர் பங்குக்கு இந்த 1 சதவீத விதி பொருந்தாது. பிடித்தம் பெருமளவு கூடும். அதை வாங்குபவருக்கு அக்ரிமெண்ட் போடும்போதே எழுத்தில் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு.