கணினி கேள்வி–பதில்: பழைய ஜியானா, புது லேப்டாப்பா?

கேள்வி: 3டி மாடல் செய்து ரெண்டர் எடுக்கும் (மாடலை இறுதிப் படமாக மாற்றும்) தொழில். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கிடைக்கின்றன. ஒன்று, இன்டெல் கோர் ஐ5-1240பி லேப்டாப். மற்றது ஜியான் இ5-2680 வி4 (இன்டெலின் சர்வர், வொர்க்ஸ்டேஷன் ரக பிராசஸர்) போட்ட ஹெச்பி இசட்440 வொர்க்ஸ்டேஷன், செகண்ட் ஹேண்ட். ஜியானில் 14 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), லேப்டாப்பில் 12. அப்படியானால் வொர்க்ஸ்டேஷன்தானே வேகம்?

பதில்: கோரை எண்ணி முடிவெடுக்காதீர்கள். அந்த ஜியான் 2016-ல் வந்தது. 14 கோரும் ஒரே மாதிரியானவை. 28 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), 35 எம்பி கேஷ் (பிராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகம்), 120 வாட். ஐ5-1240பி 2022-ல் வந்தது. அதன் 12 கோரில் 4 மட்டும்தான் பெரியவை. மற்ற 8-ம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் சின்ன கோர்கள். மொத்தம் 16 த்ரெட், 12 எம்பி கேஷ், அடிப்படை அளவு 28 வாட்.

ஒரே கோர் உழைக்கும் வேலையை முதலில் பாருங்கள். ஜியான் 3.3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. லேப்டாப்பின் பெரிய கோர் 4.4 வரை ஏறும்; அதோடு ஒவ்வொரு கிளாக் துடிப்பிலும் அது முடிக்கும் வேலையும் அதிகம். இரண்டும் சேரும்போது லேப்டாப் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகம். மாடலைத் திருப்பிப் பார்ப்பது, ஒரு மாடிஃபையரை (மாடலின் வடிவத்தை மாற்றும் கருவி) மாற்றுவது, ஃபைல் திறப்பது, பிரவுசர், எக்செல் என்று மவுஸைக் கையில் பிடித்துச் செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்த வகைதான்.

ரெண்டர் பட்டனை அழுத்தினால் நிலைமை வேறு. 14 கோரும் ஒன்றாக ஓடும்போது ஜியான் 2.9 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும் (ஏவிஎக்ஸ் எனும் கனமான கணக்குகள் அதிகமானால் இன்னும் கொஞ்சம் இறங்கும்). ஹீட்சிங்க் சுத்தமாக இருந்தால் விடியும்வரை அதே வேகம்தான். லேப்டாப்போ தொடக்கத்தில் 64 வாட் வரை இழுத்துவிட்டு, அரை நிமிடம் போல ஆனதும் 28 வாட்டுக்கு அடங்கிவிடும். எனவே 20 நிமிடம் ஓடும் ரெண்டரில் ஜியான் தெளிவாக முந்தும். 10 செகண்டில் முடியும் முன்னோட்ட ரெண்டரில் அந்த இடைவெளி வெகுவாகக் குறையும்.

ரெண்டரைக் கிராபிக்ஸ் கார்டில் எடுப்பவர் என்றால் இந்தக் கணக்கு முழுவதுமே இரண்டாம் பட்சம். இசட்440-ல் ஒரு முழு அளவு கார்டைச் செருகலாம். இந்த லேப்டாப்பில் முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் தொழிலுக்கு வொர்க்ஸ்டேஷனைச் சொல்வோம். கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் ஐ7-12700ஹெச் போன்ற 45 வாட் ரக லேப்டாப்பையும் விலை கேளுங்கள். 6 பெரிய கோர், 8 சின்ன கோர் கொண்ட அது, குளிர்விப்பு நன்றாக இருந்தால் எல்லா கோரும் ஓடும் வேலையிலும் இந்த ஜியானைத் தாண்டிவிடும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். முழு உழைப்பில் வொர்க்ஸ்டேஷன் 200 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாளுக்கு 40 யூனிட். திரை உட்பட மொத்தம் 45 வாட் இழுக்கும் ஐ5 லேப்டாப்புக்கு அதே நேரத்தில் 9 யூனிட். இரண்டு மாத பில்லில் 62 யூனிட் வித்தியாசம். அடுத்த படிக்கட்டண வரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

கேள்வி: என்னிடமும் நண்பரிடமும் ஐ5-1240பி லேப்டாப்தான். அவருடையது என்னுடையதைவிட வேகமாக இருக்கிறது. பிராசஸர் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்த பிராசஸர் எத்தனை வாட்டில் ஓட வேண்டும் என்பதை லேப்டாப் தயாரிப்பாளர்தான் வைக்கிறார். மெல்லிய உடலும் ஒற்றை ஃபேனும் உள்ள மாடலில் நீடித்த அளவை 20 வாட்டுக்கும் கீழே இறக்கியிருக்கலாம். தடிமனான மாடலில் 35-க்கு மேல் விட்டிருக்கலாம். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றுதான்.

இரண்டையும் இப்படிச் சோதியுங்கள். சார்ஜரை மாட்டி, விண்டோஸ் பவர் மோடை அதிகச் செயல்திறனுக்கு மாற்றுங்கள். லேப்டாப்பை மேசையில் வையுங்கள். மெத்தையில் வைத்தால் அடிப்பக்கக் காற்றுவழி அடைபடும். ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து சிபியு பேக்கேஜ் பவர் (பிராசஸர் இழுக்கும் வாட்), பிஎல்1 (நீடித்த வாட் வரம்பு), பிஎல்2 (தொடக்க வாட் வரம்பு), வெப்பநிலை நான்கையும் கவனிக்கத் தயாராகுங்கள். பிறகு சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனை மென்பொருளின் 10 நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். ஒரே ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டால் கிடைப்பது தொடக்க வேகம் மட்டும்தான். அதை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். 5 நிமிடம் கழித்து வாட் அளவு பிஎல்1-லேயே நின்று, வெப்பமும் 80-களில் இருந்தால் அதுதான் அந்த மாடலின் வரம்பு. வாட் அதற்கும் கீழே போய், வெப்பம் 95-ஐத் தாண்டி நின்றால் ஃபேனில் தூசு இருக்கலாம், அல்லது தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை) காய்ந்திருக்கலாம்.

ரேமையும் பாருங்கள். 3200 வேக டிடிஆர்4 ரேம் ஒரு குச்சி மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவு கடக்கலாம், இரண்டு குச்சி போட்டால் 51.2. ஒற்றைக் குச்சியில் உள்கிராபிக்ஸும் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி) தடுமாறும். டிவைஸ் மேனேஜரில் ஐரிஸ் எக்ஸ்இ என்று வர வேண்டிய இடத்தில் யுஹெச்டி கிராபிக்ஸ் என்று காட்டினால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேள்வி: திருமண வீடியோ எடிட்டிங்குக்கு 28 த்ரெட் ஜியான் வாங்கினேன். 4கே கிளிப்பை டைம்லைனில் ஓட்டினாலே விக்குகிறது. தம்பியின் சாதாரண லேப்டாப்பில் அதே கிளிப் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதே?

பதில்: புதிய கேமராக்கள் பல ஹெச்இவிசி (எச்.265) என்ற வீடியோ சுருக்க முறையில், 10 பிட், 4:2:2 நிறத்தில் (நிற விவரம் அதிகமாகப் பதியும் வகை) பதிவு செய்கின்றன. அதை விரித்துக் காட்டத் தனி வன்பொருள் தேவை. 11-ம் தலைமுறை முதல் இன்டெல் லேப்டாப் பிராசஸர்களின் உள்கிராபிக்ஸில் அது இருக்கிறது. ஜியான் இ5-ல் உள்கிராபிக்ஸே கிடையாது; எனவே முழுச் சுமையும் கோர்கள் தலையில். என்விடியா கார்டு போட்டாலும் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தையவை இந்த 4:2:2-வை விரிக்காது. கார்டு போட்டும் விக்குகிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

ஜியானை விற்க வேண்டாம், பிராக்ஸி முறைக்கு (எடிட்டிங்குக்கு மட்டும் எளிதாக ஓடும் சின்ன நகல்களைப் பயன்படுத்துவது) மாறுங்கள். பிரீமியரில் கிளிப்புகளை இறக்கும்போதே அவற்றை புரோரெஸ் பிராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்டி என்ற எடிட்டிங் வடிவங்களில் 1080 அளவுக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள். அதை இரவில் ஓடவிட்டால் காலையில் எடிட் செய்யும்போது விக்கல் இருக்காது. பிராக்ஸிக்கு எஸ்எஸ்டியில் தாராளமாக இடம் வேண்டும். கேமரா எச்.264 என்ற முந்தைய சுருக்க முறையில் 4:2:2 பதிவு செய்தால் தம்பியின் லேப்டாப்புக்கும் இதே வைத்தியம்தான்; ஹெச்இவிசிக்கு உதவும் வன்பொருள் அதற்கு உதவாது.

கேள்வி: இசட்440 வாங்கிவிட்டேன். கடையில் வாங்கிய டிடிஆர்4 ரேம் ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் பூட் ஆகாமல் பீப் சத்தம் மட்டும் வருகிறது. ரேம் கெட்டுப்போனதா?

பதில்: நீங்கள் வாங்கியது சாதாரண டெஸ்க்டாப் ரேமாக இருக்கும். டிடிஆர்4-ல் சாதாரண ரேமுக்கும் ரெஜிஸ்டர்டு ரேமுக்கும் (கூடுதல் சிப் கொண்ட சர்வர் ரக ரேம்) 288 பின்தான், வெட்டும் ஒரே இடத்தில்தான். அதனால் உட்காரும், ஓடாது. லேபிளைப் பாருங்கள்: ‘பிசி4-2400டி’ என்பதற்குப் பிறகு வரும் எழுத்து ‘ஆர்’ என்றால் ரெஜிஸ்டர்டு, ‘யு’ என்றால் சாதாரணம். இந்த இயந்திரத்துக்கு ‘ஆர்’ வேண்டும். இரண்டையும் கலக்கவே கூடாது.

வாங்கும்போது ஒரே அளவில் நான்காக வாங்குங்கள். பிராசஸருக்கு நான்கு ரேம் சேனல் (ரேமுக்குச் செல்லும் தரவுப் பாதை). நான்கும் நிரம்பினால் நொடிக்கு 76.8 ஜிபி, ஒன்றே ஒன்றைச் செருகினால் அதில் கால் பங்கு. 64 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி குச்சி நான்கு. ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணைப் பின்பற்றுங்கள்.

இயந்திரத்தைத் திறந்திருக்கும்போதே சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிடுங்கள். ஹீட்சிங்கைக் கழற்றிப் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். இந்த பிராசஸரின் மேல்தகடு பெரியது. நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் மூலைகளுக்கு எட்டாது. குறுக்கே பெருக்கல் குறி போல மெல்லிய இரண்டு கோடு இழுங்கள். எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) கெட்டால் கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் ரகம் நேரடியாகப் பொருந்தாது. ஹெச்பியின் கனெக்டர் வேறு. அதே மாடலைத் தேட வேண்டும், அல்லது மாற்றுக் கேபிள் வாங்க வேண்டும்.

கேள்வி: டேலி, ஜிஎஸ்டி வேலை மட்டும்தான். பழைய வொர்க்ஸ்டேஷன் போதுமா?

பதில்: ஓடும், ஆனால் வாங்காதீர்கள். அந்த வேலைக்கு 14 கோரில் பெரும்பாலானவை சும்மா கிடக்கும். எஸ்எஸ்டியும் 16 ஜிபி ரேமும் உள்ள புதிய லேப்டாப்பே மேல். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர் பட்டியலில் ஜியான் இ5 வி4 இல்லை. வேறு வழிகளில் ஏற்றித் தருவதாகக் கடையில் சொல்வார்கள். வாடிக்கையாளர்களின் கணக்கு இருக்கும் இயந்திரத்தில் அதைச் செய்ய வேண்டாம்.