மாமாவின் சாடையில் ஒரு ஜெர்மானியர்

கேள்வி: திருச்சியிலிருந்து ஷ்டுட்கார்ட் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காலையில் பாட் கான்ஷ்டாட் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது என் தாய்மாமாவைப் பார்க்கிறேன். அதே முன்வழுக்கை, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, செய்தித்தாளை நான்காக மடித்துப் பிடிக்கும் அதே விதம். ஆனால் அவர் வெள்ளைக்காரர். ரொட்டிக் கடையில் நிற்கும் பெண்மணி என் கணக்கு டீச்சரை உரித்து வைத்திருக்கிறார். போன வாரம் என்னை அறியாமல் ‘மாமா’வை நோக்கிக் கை தூக்கிவிட்டேன், அவரும் தலையசைத்தார். இது ஊர் ஏக்கமா, மனக்கோளாறா?
– ஒரு வாசகி, ஷ்டுட்கார்ட்

பதில்: மனக்கோளாறு இல்லை. ஏக்கத்துக்குச் சிறு பங்கு இருக்கலாம். முழுப் பழியையும் அதன் தலையில் கட்ட மாட்டேன்.

‘தெரிந்த முகம்’ என்று உணர்வதும், அவர் இன்னார் என்று அறிவதும் மூளைக்கு இரு வேறு வேலைகள். இவை படிப்படியாக நடப்பதாக 1986 இல் விக்கி புரூஸ், ஆண்டி யங் என்ற பிரிட்டன் உளவியலாளர்கள் விளக்கினார்கள்: முதலில் பழக்க உணர்வு, பிறகு ஆள், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயர். பேருந்தில் எதிரே நிற்பவரை நன்றாகத் தெரியும் என்று தோன்றி, யாரென்று பிடிபடாமல் தவித்து, இறங்கிய பிறகு ‘அட, நம் கறிக்கடைக்காரர்’ என்று நினைவு வருகிறதே, அந்த இடைவெளியை உளவியலாளர் ஜார்ஜ் மாண்ட்லர் 1980 இலேயே எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார்.

ஒருவருக்குச் சராசரியாக ஐயாயிரம் முகங்கள் தெரியும் என்று யார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018 இல் கணக்கிட்டது. அத்தனை முகங்களையும் சுமந்துகொண்டு நடைமேடையில் நிற்கும் உங்களுக்கு, சாடை ஒத்துப்போகும் ஒருவராவது தென்படாமல் இருந்தால்தான் வியப்பு. நெருங்கிப் பழகியவரின் முகத்தை நாம் கண், மூக்கு, வாய் ஆகியவற்றை வைத்தே பெரிதும் அடையாளம் காண்கிறோம். அறிமுகமற்றவர் என்றால் தலைமுடிக்கும் முக விளிம்புக்கும் கூடுதல் மதிப்புக் கொடுத்துவிடுகிறோம். உங்கள் கடிதத்தையே பாருங்கள்: வழுக்கை, கண்ணாடி, செய்தித்தாள். மாமாவின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிறம் வேறாக இருந்தும் ஏமாந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலும் இதே அளவுக்குத்தான் சாடைகள் கண்ணில் பட்டிருக்கும். அங்கே அது மாமாவாகவே இருக்கக்கூடும் என்பதால் ஒரு முறை உற்றுப் பார்த்து, இல்லையென்று தெரிந்ததும் மறந்துவிட்டிருப்பீர்கள். ஷ்டுட்கார்ட்டில் அவர் இருக்கவே முடியாது என்பது தெரிந்திருப்பதால், ஒவ்வொரு தவறும் உறுத்தி நினைவில் தங்குகிறது. ஒருவரைப் போல உலகத்தில் ஏழு பேர் என்று வீட்டில் சொல்வார்கள். ஏழு என்ற கணக்கை நான் நம்பவில்லை, ஆனால் அந்த ஏழில் ஒருவரை வெளியூரில்தான் கவனிப்போம் என்பதை நம்புகிறேன்.

கவலைப்பட வேண்டிய நிலை வேறு. அவர் மாமாவைப் ‘போல’ இல்லை, வேடமிட்ட மாமாவேதான் என்று உறுதியாக நம்பத் தொடங்கினால் மருத்துவரைப் பாருங்கள். நொடியில் உருமாறும் இத்தாலிய நடிகர் ஃப்ரெகோலியின் பெயரால் 1927 முதல் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை.

அவர் ஏன் தலையசைத்தார் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். நாள்தோறும் பார்த்தும் ஒரு சொல்கூடப் பேசாதவர்களை ‘பழகிய அந்நியர்’ என்று குறித்து, ரயில் பயணிகளிடம் அவர்களின் நிலையத்தில் எடுத்த படங்களைக் காட்டி விசாரித்தவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம். அவருடைய கட்டுரை 1972 இல் வந்தது. பயணி ஒருவருக்குச் சராசரியாக நான்கு பேர் அப்படி இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளாக ஒரே நடைமேடையில் நிற்கும் உங்களை அந்தப் பெரியவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும். யாருடைய சாடையில் என்பதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும்.