அம்மாவின் வெள்ளிக் காசுகளை அண்ணன் நிறுத்து விற்கலாமா?

கேள்வி: அப்பா முன்பே காலமாகிவிட்டார். சென்ற ஆண்டு அம்மாவும் போன பிறகு, லயத்து வீட்டில் ஒரு மைலோ டின்னில் 38 பழைய வெள்ளி டாலர்கள் கிடைத்தன. உயில் இல்லை. "எனக்குத்தான் தருவதாக அம்மா சொன்னார், கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பங்கில்லை" என்கிறார் அண்ணன். எல்லாவற்றையும் நிறுத்து நகைக்கடையில் போடப்போகிறாராம். பிள்ளைகள் நாங்கள் நால்வர், இந்துக்கள். – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, மலேசியாவின் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டத்தில் மகன், மகள், மணமானவர், ஆகாதவர் என்ற பேதமே கிடையாது. அம்மாவைப் பெற்றவர்களும் உயிரோடு இல்லையென்றால் ஆளுக்குக் கால் பங்கு. "தருவதாகச் சொன்னார்" என்பது கொடுத்ததாகாது. வாய்ச்சொல் உயிலும் ஆகாது. எழுத்தில், கையெழுத்தோடு, இரண்டு சாட்சிகள் வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை அந்தத் தராசுதான். 1903, 1904ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற டாலர் (பிரிட்டிஷ் காலக் காசு) 26.95 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி. 1907 முதல் 1909 வரை அதே தரம், ஆனால் 20.21 கிராம். 1919, 1920இல் வந்தது 16.85 கிராம், வெள்ளி பாதிதான். முதலாவதில் 24 கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி, கடைசியில் எட்டரைகூட இல்லை. கலந்து நிறுத்தால் கணக்கே தப்பு. இதற்கு மேல் ஆண்டு, தேய்மானம் பார்த்துச் சேகரிப்பாளர் தரும் விலை வேறு. போலிகளும் உண்டு: காந்தத்தில் ஒட்டினாலோ எடை பல கிராம் குறைந்தாலோ தனியே வையுங்கள்.

இந்த வாரமே ஒவ்வொரு காசையும் இருபுறமும் படமெடுத்து, ஆண்டு, எடை எழுதி, நால்வரும் கையெழுத்திடுங்கள். அண்ணன் மறுத்தால், விற்க வேண்டாம் என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். சொத்தை நிர்வகிக்க நியமனம் பெறாமல் அவர் விற்க முடியாது. நீங்கள் வழக்குப் போடவும் பொதுவாக அந்த நியமனம்தான் முதலில் வேண்டும். அசையும் சொத்து மட்டும் என்றால் அமானா ராயாவுக்கு (அரசின் அறங்காவலர் நிறுவனம்) போங்கள். அம்மா பெயரில் நிலமும் இருந்தால் அந்த நிலம் இருக்கும் மாவட்டத்தின் நில அலுவலகத்தில் 'பாரம் ஏ' (சொத்துப் பங்கீட்டு மனு) கொடுங்கள், காசுகளையும் அதிலேயே சேர்க்கலாம். மரணச் சான்றிதழ், எல்லாருடைய ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம் தேவைப்படும்.

இறந்தவர் பொருளை நேர்மையின்றி எடுத்துக்கொள்வது தண்டனைச் சட்டத்தின் 404ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் முதல் வேலையாக போலீசுக்கு ஓடாதீர்கள். குடும்பத் தகராறு என்று திருப்பி அனுப்பிவிடலாம்.

அதுவரை யாரும் காசுகளைப் புளி போட்டுத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பாக்கிய காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் தரச் சேகரிப்பாளர் யோசிப்பார்.